பதினொரு நிமிட மசோதா

நாடாளுமன்றத்தின் சுருக்கெழுத்துப் பிரிவில் அவளுடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாயில் காவலர் முதல் சபாநாயகரின் செயலாளர் வரை எல்லோருக்கும் அவள் கமாக்கா. வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஒரு நாள் பொதுப்பணித்துறை அமைச்சர் பேசியதை அவள் இப்படித் தட்டச்சு செய்து அனுப்பினாள்: "பாலம் கட்டப்படும், மாவட்டங்கள் அனைத்திலும் ஆய்வு நடக்கும்." மறுநாள் அமைச்சர் குதித்தார். பாலம் கட்டப்படும் மாவட்டங்கள் அனைத்திலும் ஆய்வு நடக்கும் என்றுதான் தான் சொன்னதாகவும், பாலம் கட்டுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்றும் சாதித்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் அந்தக் கமாவை விடவில்லை. ஒரு மதியம் முழுக்க அவையில் அதுதான் பேச்சு.

கடைசியில் அவளை நோட்டுப் புத்தகத்தோடு சபாநாயகர் அறைக்குக் கூப்பிட்டார்கள்.  கூடவே வந்த பிரிவுத் தலைவர் நோட்டை வாங்கி, வழக்கம்போல் உதடு அசைய வாசித்துப் பார்த்துவிட்டு, "அமைச்சர் இங்க மூச்சு வாங்கியிருக்கார் சார். இந்தப் பொண்ணு அதைக் குறிச்சிருக்கு" என்றார். கமா நின்றது. இரண்டு வருடம் கழித்துப் பாலமும் வந்தது. அது யாருடைய பாலம் என்று கேட்டால், பிரிவில் எல்லோரும் கமாக்காவின் பாலம் என்பார்கள்.

சுருக்கெழுத்தர்கள் உட்கார்ந்து எழுதும் மேசை அவையின் நட்டநடுவில், சபாநாயகரின் மேடைக்கு நேர் கீழே இருந்தது. ஒரு பக்கம் ஆளுங்கட்சி, மறுபக்கம் எதிர்க்கட்சி. ஆளுக்குப் பத்து நிமிடம் எழுத வேண்டும். அடுத்த ஆள் வந்து தோளைத் தொட்டதும் எழுந்து, பின்னறைக்கு ஓடி, எழுதியதைத் தட்டச்சு செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் ஐந்து கட்சி சேர்ந்த கூட்டணி ஆட்சி. ஒரு மசோதா என்றால் பிரிவு பிரிவாகப் பிய்த்து எடுப்பார்கள். ஆளுங்கட்சிக்காரரே ஆளுங்கட்சியைத் திட்டுவார். மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினால் மூன்றையும் பிடிக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருக்கும். அவளுக்கே அலுத்துவிட்டது. இத்தனை பேச்சுக்கு ஒரு வேலையாவது நடக்கிறதா என்று வீட்டில் தம்பியிடம் புலம்பியிருக்கிறாள். அதனால் அடுத்த தேர்தலில், உறுதியான ஆட்சி தருகிறோம் என்று கேட்ட கட்சிக்கே ஓட்டுப் போட்டாள். அவளைப் போலவே ஊரும் போட்டது. இருநூற்று நாற்பது இடத்தில் இருநூற்றுப் பதினொன்று.

உறுதி எப்படி இருக்கும் என்று மேசையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆளுங்கட்சிக்கு அதன் பக்கத்தில் நாற்காலி போதவில்லை. மிச்சப் பேர் எதிர்ப்பக்கமும் வந்து உட்கார்ந்தார்கள். எதிர்க்கட்சியில் வாய் திறந்து பேசத் தெரிந்தவர் என்று ஒருவர்தான் தேறினார். அரசியலுக்கு வரும் முன் கால்நடை மருத்துவராக இருந்தவர் என்பதால் மாட்டு டாக்டர் என்று பெயர். அவர் எழுந்தாலே இரு பக்கமும் உட்கார்ந்திருக்கும் ஆளுங்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்ட ஆரம்பிப்பார்கள். மனுஷர் அசரமாட்டார். "முரட்டு மாட்டுக்கே ஊசி போட்டவன்யா நான்" என்பார். கூட்டத்தொடர் நாற்பது நாளிலிருந்து பதினான்கு நாளாகச் சுருங்கியது. மசோதாக்கள் காலையில் வந்து மத்தியானம் சட்டமாகிப் போயின. சபாநாயகர் ஆம் என்போர் யார் என்று கேட்பார், கூரை அதிரும். இல்லை என்போர் யார் என்பார், மாட்டு டாக்டர் குரல் ஒன்று கேட்கும். பிரிவில் எல்லோருக்கும் கைக்கு ஓய்வு. அதே சம்பளம், பாதி வேலை என்று சிரித்துக்கொண்டார்கள். கமாக்காவும் சிரித்தாள்.

மூன்றாம் வருடம் அந்த மசோதா வந்தது. பொது அமைதிக் காப்பு மசோதா என்று பெயர். மக்களிடையே பீதியைக் கிளப்பும் செய்தியைப் பரப்புகிற யாரையும் ஒரு வருடம் வரை விசாரணை இல்லாமல் காவலில் வைக்கலாம் என்பது அதன் நாலாம் பிரிவு. அறிமுகத்திலிருந்து நிறைவேற்றம் வரை எல்லாம் சேர்த்துப் பதினொரு நிமிடம். அதில் பத்து நிமிடம் அவளுடைய முறை. அவளை மாற்றிவிட வேண்டியவர் ஒரு நிமிடம் தாமதமாக வந்ததால், மிச்ச நிமிடமும் அவளுடையதே ஆயிற்று.

அந்தக் கடைசி நிமிடத்தில் மாட்டு டாக்டர் எழுந்தார். விவாதம் முடிந்தது என்று சொல்லி அவருடைய ஒலிவாங்கியை அணைத்திருந்தார்கள். அவர் தொண்டை கிழியக் கத்திக் கேட்டார்: "சொன்ன செய்தி உண்மையா இருந்தா? அப்பவும் உள்ள போடுவீங்களா?"

உள்துறை அமைச்சர் பாதி எழுந்து, சிரித்தபடியே, அவரும் ஒலிவாங்கி இல்லாமல் சொன்னார்: "உண்மை சொல்றவனுக்கு இந்தச் சட்டத்துல வேலையே இல்ல டாக்டர். பயப்படாம போய் உட்காருங்க."

சபாநாயகர் மணியடித்து, இது எதுவும் அவைக்குறிப்பில் ஏறாது என்றார். அப்படிச் சொன்னாலும் எழுதுகிறவர் கையை நிறுத்தக் கூடாது என்பது பிரிவின் விதி. நோட்டில் எழுதி, சுற்றிக் கோடு போட்டுவிட்டு, தட்டச்சில் விட்டுவிட வேண்டும். அவள் அப்படியே செய்தாள். பின்னறைக்குப் போய்த் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள். கைதான் கேட்டது, காதில் எதுவும் தங்கவில்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு மசோதா ஓடுகிற காலத்தில் எதைத்தான் நினைவில் வைப்பது. அன்றைக்கு அவள் மனதில் தங்கியதெல்லாம் தாமதமாக வந்த அந்தச் சகா மேல் வந்த எரிச்சல்தான்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, செய்துகொள்ள நேரமில்லை என்பதுதான் சரி. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு, தம்பிக்குப் பன்னிரண்டு. அவனை வளர்த்து ஆளாக்கி, குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததைப் பார்த்து, கல்யாணமும் செய்துவைத்து, அவனோடேயே இருந்துவிட்டாள். தம்பி மனைவியும் அவளும் சண்டை போடாத நாளே இல்லை. ஆனால் ஒருத்தி வராமல் இன்னொருத்தி சாப்பிடமாட்டாள். ஒரே பெண் குழந்தை, அத்தை அத்தை என்று இவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரியும்.

மழைக்காலம் தொடங்கியபோது ஊரின் தாழ்வான பகுதியில் மூன்று தெருக்களில் வாந்தியும் பேதியும் கண்டது. பருவநிலைக் கோளாறு, குடிநீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அரசு அறிவித்தது. தம்பி அந்தத் தெருக்களின் குழாய்த் தண்ணீரைப் புட்டிகளில் பிடித்துவந்து சோதித்தான். கிருமி இருந்தது. மேலதிகாரியிடம் சொன்னான். மறுபடி சோதிக்கச் சொன்னார். நான்கு முறை சோதித்தான், நான்கு முறையும் இருந்தது. நாலாவது தடவை மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டு, இதை இத்தோடு விட்டுவிடு என்று சொன்னாராம்.

அன்று சாயங்காலம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அக்காவிடம் வந்தான். இரண்டே வரி. "இதைக் குழாயடியில ஒட்டலாம்னு இருக்கேன். தப்பா எதுவும் இல்லையே?"

அவள் வாங்கிப் படித்தாள். இந்தக் குழாய்த் தண்ணீரில் கிருமி இருக்கிறது காய்ச்சிக் குடிக்கவும் என்று எழுதி, கீழே தன் பெயரும் பதவியும் போட்டிருந்தான். "தண்ணியக் காய்ச்சச் சொல்றதுல என்னடா தப்பு" என்றாள். கை பரபரக்க ஒரு பேனாவை எடுத்து, 'இருக்கிறது'க்குப் பக்கத்தில் ஒரு கமா போட்டுக் கொடுத்தாள். அவன் சிரித்துவிட்டான். தம்பி மனைவி குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாள் ஒட்டிய மூன்றாம் நாள் காலை அலுவலக வாசலில் வைத்து அவனை அழைத்துப் போனார்கள். நாலாம் பிரிவு. அந்த இரண்டு சொல்லைக் காவல் நிலையத்தில் கேட்டபோதுதான் கமாக்காவுக்கு எல்லாம் திரும்பி வந்தது. அந்தப் பதினொரு நிமிடமும் வரிசை மாறாமல் வந்தது. தான் எழுதியது, தான் தட்டச்சு செய்தது, தான் தேநீர் குடிக்கப் போனது. அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி மனைவி தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தாள். 

சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பியிடம், அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். அந்தச் சட்டத்தை எழுதியெடுத்தது நான்தாண்டா, அன்றைக்கு நீ கேட்டபோது எனக்கு ஞாபகமே வரவில்லை என்றாள். 

"நீ ஒரு எழுத்துப் பிழை விட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்ல" என்றான் அவன். "உன்கிட்டப் போய்ப் பிழைய எதிர்பார்க்க முடியுமா? விடுக்கா. அவங்க தண்ணியக் காய்ச்சுறாங்களா?"

காய்ச்சுகிறார்கள் என்றாள். அது நிஜம். மூன்று தெருவிலும் நோயும் அடங்கியிருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில்தான் மாட்டு டாக்டர் கேட்ட கேள்வியும், அமைச்சர் சொன்ன பதிலும் தம்பிக்கு உதவக்கூடும் என்று அவளுக்கு உறைத்தது. நேரே, தம்பியின் வழக்கை எடுத்திருந்த வழக்கறிஞர் அம்மாவின் அலுவலகத்துக்குப் போனாள். அமைச்சரே அவையில் அப்படிச் சொல்லியிருந்தால், காவலில் வைக்கப்பட்டவர்களின் வழக்கை ஆராயும் குழுவின் முன் அதைக் காட்டலாம், வலுவான பிடி என்று வழக்கறிஞர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாட்டு டாக்டர் வந்து சாட்சி சொன்னால் எதிர்க்கட்சி அரசியல் என்று தள்ளிவிடுவார்கள், அச்சில் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. பிறகு எங்கே இருக்கிறது? பிரிவு அலமாரியில், என்னுடைய நோட்டில் என்றாள் கமாக்கா. நோட்டுகளை இரண்டு வருடம் வைத்திருந்து பிறகு அழிப்பார்கள். வெளியே கொண்டு போவது குற்றம். அது அவளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அந்த விதியைப் படித்துக் காட்டுவதே அவள்தான்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது நோட்டை எடுத்து, பையில் சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். காவலர், "என்ன கமாக்கா, சீக்கிரம் கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார். தலைவலி என்றாள். பத்தொன்பது வருடத்தில் அந்த வாசலில் அவள் சொன்ன முதல் பொய்.

ஆராயும் குழுவில் மூன்று பேர். பழைய அரசுக் கட்டடம் ஒன்றின் மாடியில், கோப்புகளை ஒரு ஓரமாகத் தள்ளி இடம் செய்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள். மரியாதையாகவே நடத்தினார்கள். அவள் நோட்டைத் திறந்து, கோடு போட்டுச் சுற்றிய பகுதியை வாசித்தாள். குழுத் தலைவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். புள்ளியும் கொக்கியும் வளைவுமாக இருந்தது.

"இது உங்களுக்கு மட்டும்தானேம்மா புரியும்?" என்றார். "அவன் உங்க தம்பி. நீங்க வாசிச்சத நாங்க எப்படி ஏத்துக்கறது?"

அவள் பிரிவுத் தலைவரின் பெயரைச் சொன்னாள். அவருக்குப் புரியும், பத்தொன்பது வருடமாக என் நோட்டைச் சரிபார்ப்பவர், எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் என் நோட்டை வைத்து அவரே தட்டச்சு செய்திருக்கிறார் என்றாள்.

அடுத்த வாரம் அவர் வந்தார். அவளைப் பார்க்காமலேயே வந்து உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவருடைய உதடுகள் அசைவதை அவள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டு டாக்டரின் கேள்வி முடிந்து அமைச்சரின் பதிலுக்கு அவர் வந்துவிட்டது வரை அவளுக்குத் தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது எனக்குப் புரியல சார்" என்றார். "ஒவ்வொருத்தர் கோடும் ஒவ்வொரு மாதிரி."

வெளியே மாடிப்படியில் அவரைப் பிடித்தாள். அவர் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். ஓய்வு பெற மூன்று மாதம்தான் இருக்கிறது, பெண்ணுக்கு அமைச்சகத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறது, நேற்று சபாநாயகரின் செயலாளர் வீட்டுக்கே வந்தார்.

"நீங்க வாசிச்சீங்க சார்" என்றாள் அவள். "உதடு அசைஞ்சுது."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. குழு, காவல் செல்லும் என்று இரண்டு வரியில் எழுதிவிட்டது.

நோட்டை வெளியே கொண்டுபோனது அவையின் உரிமையை மீறிய செயல் என்று அவள் மேல் தீர்மானம் வந்தது. வீட்டில் வானொலியில் அவளும் தம்பி மனைவியும் கேட்டார்கள். ஆம் என்று கூரை அதிர்ந்தது. இல்லை என்று ஒரு குரல். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, வேலை போயிற்று. யாரோ ஒரு சகா அந்த இரண்டு நிமிடத்தையும் எழுதியிருப்பார், அவருக்கும் கை வலித்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதாவது மாதம் சிறையில் பலருக்கு மஞ்சள் காமாலை வந்தது. தம்பிக்கும் வந்தது. ஆஸ்பத்திரிக்கு மாற்றும்படி வழக்கறிஞர் அம்மா மூன்று மனு போட்டாள். மூன்றாவது மனுவுக்குப் பதில் வருவதற்குள் ஒரு காலைப்பொழுதில் தொலைபேசி வந்தது. ஊர்வலம் கூடாது, பத்துப் பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற நிபந்தனையோடு உடலைக் கொடுத்தார்கள். அந்த மூன்று தெருவிலிருந்தும் ஆட்கள் வந்து, பத்துக்கு மேல் போகக் கூடாதே என்று தெருமுனையிலேயே தள்ளித் தள்ளி நின்றார்கள்.

எல்லாம் முடிந்து நாலைந்து நாள் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தம்பி மனைவி திரும்பாமலேயே பேசினாள்.

"உங்களுக்கு அந்தச் சட்டம் தெரியும்ல அண்ணி. அன்னைக்கு அவர் உங்ககிட்டத்தானே வந்து கேட்டார். ஒட்டாதடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்க கமா போட்டுக் குடுத்தீங்க."

 அதன்பின் அவர்கள் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், போக வேறு இடமில்லை. ஆனால் பேச்செல்லாம் குழந்தை வழியாகத்தான். அத்தையைச் சாப்பிட வரச் சொல்லு. அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லு. கமாக்கா பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்ன மேசை போட்டு, மனு தட்டச்சு செய்துகொடுக்க ஆரம்பித்தாள்.

தேர்தல் வந்தது. ஜனங்கள் அந்த ஆட்சியைத் தூக்கி எறிந்தார்கள். புதிய ஆட்சிக்கு இருநூற்றுப் பத்தொன்பது இடம். மாட்டு டாக்டர்தான் உள்துறை அமைச்சர். அந்த ஒரு நாள் வீட்டில் கொஞ்சம் வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. தம்பி மனைவி அவளிடம் நேராகவே, "போய்ப் பாருங்க" என்றாள்.

போனாள். பெரிய அறை. அவர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது நடிப்பில்லை. அவளுடைய வேலையை அடுத்த மாதமே திருப்பித் தருவதாகச் சொன்னார். வேலை வேண்டாம் என்றாள். அந்தச் சட்டத்தை எடுத்துவிட வேண்டும். தம்பி உண்மை சொன்னதற்காகச் சிறையில் செத்தான் என்று அவையில் ஒரு தடவை சொல்ல வேண்டும், அது அச்சில் வர வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "சட்டத்த உடனே எடுக்க முடியாதும்மா. போன ஆளுங்க சும்மா இருக்கமாட்டாங்க. வதந்தி கிளப்பி ஆட்சியக் கவுக்கப் பார்க்கிறாங்க. நாங்க அத உங்க தம்பி மாதிரி ஆளுங்க மேல பயன்படுத்த மாட்டோம். இன்னொண்ணு கேட்டீங்களே, அதப் பார்க்கிறேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. உண்மை சொல்கிறவனுக்காக அவையில் ஒற்றைக் குரலில் கத்திய மனிதர் இவர்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கும்பிட்டுவிட்டு வந்தாள். இரண்டு கூட்டத்தொடர் போயின. ஒவ்வொரு வாரமும் நூலகத்துக்குப் போய் அவைக்குறிப்பைப் புரட்டினாள். தம்பியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்றாவது கூட்டத்தொடரின்போது நூலகத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

அந்த வருடம் குழந்தையை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. விண்ணப்பத் தாளைத் தம்பி மனைவி கொண்டுவந்து அவள் முன் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் எழுதியாகிவிட்டது. தந்தை என்ற இடத்தில் அவன் பெயரை எழுதி, தொழில் என்ற இடத்தில் குடிநீர்ப் பரிசோதகர் என்று எழுதினாள்.

"காலமானார்னு போடணும் அண்ணி" என்றாள் தம்பி மனைவி மெதுவாக.

அவள் பேனாவைத் தாளில் வைத்தாள். மணிக்கணக்கில் யார் யார் பேசியதையோ நிற்காமல் எழுதிய கை அது. அந்த ஒரு சொல்லுக்கு அது நகர மறுத்தது. பேனா நின்ற இடத்தில் மை ஊறிப் பொட்டாக விரிந்தது. தம்பி மனைவி அவள் விரல்களுக்கிடையிலிருந்து பேனாவை உருவி, தானே அந்தச் சொல்லை எழுதி, தாளை மடித்து வைத்தாள். அப்புறம் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். கமாக்கா வாய்விட்டு அழுதாள். அவன் போன பிறகு அந்த வீட்டில் அவள் சத்தமாக அழுதது அன்றைக்குத்தான். குழந்தை உள்ளேயிருந்து ஓடிவந்து, யாரிடம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றது.